ரத்தக்கட்டி என்று அட்மிட் செய்திருக்கிறார்களா? கூட இருக்கப் போகிறவருக்கான முழுமையான வழிகாட்டி

அம்மாவுக்கு முழங்கால் மாற்று அறுவை சிகிச்சை முடிந்து வீட்டுக்கு வந்த பன்னிரண்டாம் நாள், இடது கெண்டைக்கால் வீங்கியது. ஸ்கேனில் ரத்தக்கட்டி. அன்று ராத்திரியே மூச்சு வாங்க ஆரம்பித்து, நுரையீரலுக்கும் போயிருக்கிறது என்றார்கள். ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் நான்தான் கூட இருந்தேன். அப்புறம் சித்தப்பாவுக்கு ஒரு முறை, பிரசவம் முடிந்து மூன்றாவது வாரத்தில் இருந்த நண்பரின் மனைவிக்கு ஒரு முறை. மூன்று தடவையும் நானும் தடுமாறினேன், பக்கத்து பெட்காரர்கள் தடுமாறுவதையும் பார்த்தேன். தடுமாறிய இடங்கள் பெரும்பாலும் ஒன்றேதான்.

வைத்தியத்தை டாக்டர் பார்த்துக்கொள்வார். ஆனால் சிஸ்டர் ஷிஃப்டுக்கு ஷிஃப்ட் மாறுவார், ட்யூட்டி டாக்டர் மாறுவார். அட்மிஷனிலிருந்து வீட்டில் மூன்றாம் மாதம் வரை மாறாமல் இருக்கப் போகிற ஆள் நீங்கள் மட்டும்தான். அதனால் உங்கள் முதல் வேலை ஞாபகம் வைத்திருப்பது. கீழே உள்ள வரிசை அதை வைத்துத்தான். இதில் வரும் மருந்து அளவுகள் வழக்கமானவை. உங்கள் ஆளுக்கு டாக்டர் எழுதிக் கொடுத்ததுதான் கணக்கு.

1. கிளம்பும் முன்: மாத்திரைப் பையை அப்படியே எடுங்கள்

திடீரென்று மூச்சு வாங்குகிறது, மூச்சை இழுத்தால் நெஞ்சு குத்துகிறது, மயக்கம் வருகிறது, இருமினால் ரத்தம் வருகிறது என்றால் எதையும் தேடிக்கொண்டிருக்காதீர்கள், 108-ஐக் கூப்பிடுங்கள். மற்றதை வீட்டில் இன்னொருவர் பின்னால் கொண்டுவரட்டும்.

கால் வீக்கம் மட்டும்தான் என்றால் ஐந்து நிமிடம் இருக்கிறது. தினமும் சாப்பிடுகிற எல்லா மாத்திரைகளையும் ஸ்ட்ரிப்போடு ஒரு பையில் போடுங்கள். நாட்டு மருந்து, கஷாயப் பொடி, மீன் எண்ணெய் கேப்சூல் எல்லாமே அந்தப் பையில்தான். ரத்தம் உறையாமல் தடுக்கும் மருந்தோடு சேரக்கூடாத மருந்துகள் நிறைய உண்டு. 'பிங்க் கலரில் ஒரு சின்ன மாத்திரை' என்று கேஷுவால்டியில் சொன்னால் அதை வைத்து யாரும் எதுவும் செய்ய முடியாது.

கூடவே ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள்: இப்போதைய எடை, அலர்ஜி, கடைசியாக நடந்த ஆபரேஷன் தேதி, அல்சர் அல்லது மூளையில் ரத்தக்கசிவு எப்போதாவது வந்ததா, சிறுநீரகப் பிரச்சினை உண்டா, வீட்டில் வேறு யாருக்காவது ரத்தக்கட்டி வந்திருக்கிறதா. எடை எதற்கு என்றால், ஊசி மருந்தின் அளவை பெரும்பாலும் எடையை வைத்துத்தான் கணக்கிடுகிறார்கள். சிறுநீரகம் எதற்கு என்றால், இந்த மருந்துகளில் பல அந்த வழியாகத்தான் வெளியேறுகின்றன.

பெண்கள் என்றால் இரண்டு விஷயத்தைக் கூச்சப்படாமல் சொல்ல வேண்டும். ஒன்று, கர்ப்பமாக இருக்கலாமா, சமீபத்தில் பிரசவம் ஆனதா. இன்னொன்று, கருத்தடை மாத்திரையோ மாதவிடாய் தள்ளிப்போட ஹார்மோன் மாத்திரையோ எடுத்தார்களா. மாமியார் நிற்கிறார் என்று மறைத்த ஒரு பெண்ணைப் பார்த்திருக்கிறேன். டாக்டரிடம் தனியாகப் பேச வேண்டும் என்று கேட்டால் நிச்சயம் இடம் கொடுப்பார்கள்.

2. எந்தக் கட்டி, எங்கே என்று முதலில் தெரிந்துகொள்ளுங்கள்

'கட்டி' என்ற சொல்லாலேயே பாதிக் குழப்பம். எங்கள் பெரியம்மா கேன்சர் கட்டி என்று நினைத்து ஊர் முழுக்கப் போன் செய்து அழுதுவிட்டார். சிலர் மாரடைப்பு என்று நினைக்கிறார்கள், சிலர் பக்கவாதம் என்று. இது நரம்பிலும் இல்லை. பேச்சில் ரத்தக்குழாயையும் நரம்பு என்றே சொல்வதால் வரும் குழப்பம் அது.

நான் இங்கே சொல்வது சிரையில், அதாவது ரத்தத்தை இதயத்துக்குத் திருப்பிக் கொண்டுபோகும் குழாயில், ரத்தம் உறைந்து அடைப்பது. பெரும்பாலும் காலில் ஆழமாக ஓடும் சிரையில் உண்டாகும். அதில் ஒரு துண்டு பிய்ந்து இதயம் வழியாக நுரையீரலில் போய் அடைத்தால்தான் மூச்சுத் திணறல்.

டாக்டரிடம் கேட்டு நோட்டில் எழுத வேண்டியவை: காலில் என்றால் முழங்காலுக்கு மேலா கீழா, நுரையீரலுக்குப் போயிருக்கிறதா, எக்கோவில் இதயத்தின் வலது பக்கம் சிரமப்படுகிறதா, எதனால் வந்திருக்கலாம். கடைசிக் கேள்வியை யாரும் கேட்பதில்லை. ஆனால் மருந்து மூன்று மாதமா அதற்கும் மேலா என்பதை அந்தப் பதில்தான் பெருமளவு முடிவு செய்கிறது.

காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கு சாய ஊசி போட்டு எடுக்கும் சி.டி. இரண்டும்தான் முக்கியப் பரிசோதனைகள். சி.டி.க்கு முன் சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியாட்டினின் அளவு பார்ப்பார்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறவர் என்றாலோ, முன்பு சாய ஊசியில் அலர்ஜி வந்தவர் என்றாலோ, ஸ்கேன் அறை வாசலிலேயே இன்னொரு முறை சொல்லிவிடுங்கள்.

3. பணம், காப்பீடு: இதை முதல் நாளே முடியுங்கள்

டிஸ்சார்ஜ் அன்று பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டவர்கள்தான் சாயங்காலம் வரை பில்லிங் கவுண்டரில் நிற்கிறார்கள்.

தனியார் காப்பீடு இருந்தால் அட்மிட் ஆன அன்றே காப்பீட்டு மேஜையில் கார்டு, ஆதார் கொடுத்து கேஷ்லெஸ் கோரிக்கை போடச் சொல்லுங்கள். காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையத்தின் 2024 உத்தரவுப்படி, கேஷ்லெஸ் கோரிக்கைக்கு 1 மணி நேரத்திலும், டிஸ்சார்ஜுக்கான இறுதி ஒப்புதலுக்கு 3 மணி நேரத்திலும் கம்பெனி முடிவு சொல்ல வேண்டும். இழுத்தடித்தால் இதைச் சொல்லிக் கேளுங்கள்.

தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டம் ஆண்டு வருமானம் 1.20 லட்சத்துக்குள் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை. எல்லா ஆஸ்பத்திரியிலும் எல்லாச் சிகிச்சைக்கும் கிடைக்காது. உங்களுடையது பட்டியலில் வருகிறதா என்று அங்குள்ள காப்பீட்டு மேஜையில் கேளுங்கள். ரேஷன் கார்டும் வருமானச் சான்றும் தயாராக இருக்கட்டும்.

4. ஒரு நோட்டு வாங்குங்கள்

போனில் குறித்துக்கொள்ளலாம்தான். ஆனால் சார்ஜ் போய்விடும், அடுத்து வந்து உட்காரும் தம்பிக்கு உங்கள் போன் இருக்காது. நாற்பது பக்க நோட்டும் பேனாவும் தலையணைக்குப் பக்கத்தில் கிடக்கட்டும், யார் வந்தாலும் அதில் எழுதட்டும்.

எழுத வேண்டியது: என்ன மருந்து, எத்தனை மி.கி., எத்தனை மணிக்கு, வந்த ரிப்போர்ட் எண்கள், டாக்டர் சொன்னது, அவரிடம் கேட்க வேண்டியது. மூன்றாம் நாள் ராத்திரி புதிதாக வந்த ட்யூட்டி டாக்டர் 'கடைசி ஊசி எப்போம்மா போட்டது?' என்று கேட்டபோது, கேஸ் ஷீட் வேறு எங்கோ போயிருந்தது. நோட்டைக் காட்டினேன்.

5. காலை நீவி விடாதீர்கள்

வீங்கிய காலைப் பார்த்ததும் எண்ணெய் போட்டு நீவத் தோன்றும். பாசம்தான். ஆனால் கட்டி இருக்கிற காலை அழுத்தி நீவினால் அது பிய்ந்து நுரையீரலுக்குப் போகும் அபாயம் இருக்கிறது. பார்க்க வருகிறவர்கள் பேச்சுவாக்கில் காலைப் பிடித்துவிட ஆரம்பிப்பார்கள், அதையும் தடுங்கள். ஒத்தடம் கொடுக்கலாமா என்பதையும் டாக்டரைக் கேட்டுவிட்டே செய்யுங்கள்.

காலை உயர்த்தி வைக்கச் சொன்னால், முழங்காலுக்கு அடியில் மட்டும் தலையணையைச் சொருகாதீர்கள். கால் அங்கே மடங்கி ரத்த ஓட்டம் தடைபடும். கெண்டைக்கால், குதிகால் வரை முழுக் காலும் தாங்கலோடு இருக்க வேண்டும்.

இதற்கு நேர்மாறான தப்பு, அசையவே விடாமல் படுக்க வைப்பது. மருந்து ஆரம்பித்து நிலைமை சீரானதும் பல பேரை டாக்டர்களே நடக்கச் சொல்கிறார்கள். 'இன்னைக்கு எழுந்து பாத்ரூம் வரை நடக்கலாமா?' என்று தினமும் கேளுங்கள். பதில் நாளுக்கு நாள் மாறும்.

6. மருந்து ஏறும்போது என்ன பார்க்க வேண்டும்

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். ரத்தம் உறையாமல் தடுக்க ஊசியாகப் போடும் ஹெப்பாரின், எனோக்ஸாபாரின் போன்ற மருந்துகள் கட்டியைக் கரைப்பதில்லை. கட்டி பெரிதாகாமல் தடுக்கின்றன. கரைக்கும் வேலையை உடம்பு மெதுவாகச் செய்துகொள்ளும். இது தெரியாததால்தான் மூன்றாம் நாளே 'ஏன் இன்னும் வீக்கம் குறையல, வேற ஆஸ்பத்திரி போவோமா' என்று வீட்டில் கூட்டம் கூடுகிறது. கட்டியையே கரைக்கும் மருந்து தனி. பி.பி. இறங்கி உயிருக்கு ஆபத்து என்கிற நிலையில்தான் பெரும்பாலும் அதைக் கொடுப்பார்கள், ஏனென்றால் அதில் ரத்தக்கசிவு அபாயம் அதிகம். அதற்குக் கையெழுத்து கேட்டால் பதறாமல், எதற்குக் கொடுக்கிறார்கள், என்ன ஆபத்து என்று இரண்டையும் கேட்டுவிட்டுப் போடுங்கள்.

ஹெப்பாரின் பம்ப்பில் ஏறினால் ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை போல ரத்தம் எடுத்து அளவைக் கூட்டிக் குறைப்பார்கள். ஏன் இத்தனை தடவை குத்துகிறார்கள் என்று சண்டை போடாதீர்கள், அந்த அளவு இல்லாமல் மருந்தைச் சரிசெய்ய முடியாது. பம்ப் சத்தம் போட்டால் நீங்களே பட்டனை அமுக்கி அடக்காமல் சிஸ்டரைக் கூப்பிடுங்கள்.

எனோக்ஸாபாரின் வயிற்றில் தோலுக்கு அடியில் போடும் ஊசி. போட்ட இடத்தைத் தேய்க்கக் கூடாது, தேய்த்தால் ரத்தம் கன்றும். சின்னச் சின்ன நீலத் திட்டு வரத்தான் செய்யும். அது உள்ளங்கை அகலத்துக்குப் பரவினாலோ வீங்கினாலோ காட்டுங்கள். ஹெப்பாரின் வகை ஊசிகள் சிலருக்கு ரத்தத்தில் உள்ள தட்டணுக்களை (பிளேட்லெட்) குறைத்துவிடும், பெரும்பாலும் ஐந்தாம் நாளுக்கு மேல். அதனால் தட்டணு எண்ணிக்கையை நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். பாதியாக இறங்கினால் கேட்காமல் விடாதீர்கள்.

7. வெளியிலிருந்து மாத்திரை உள்ளே வராமல் பாருங்கள்

அம்மா முட்டி வலிக்கிறது என்றதும் மாமா எதிரில் இருந்த மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி வந்துவிட்டார். நல்லவேளை, நோட்டில் எழுதப் போனபோது பார்த்தேன். ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் மாதிரியான வலி மாத்திரைகள் இந்த மருந்துகளோடு சேர்ந்தால் வயிற்றில் ரத்தக்கசிவு வரலாம். ஆஸ்பிரினும் அப்படித்தான், டாக்டரே எழுதிக் கொடுத்தால் தவிர. வலி என்றால் சிஸ்டரிடம் சொல்லுங்கள். பெரும்பாலும் பாரசிட்டமால் கொடுப்பார்கள். இடுப்பில், கையில் போடும் தசை ஊசியும் இந்த நேரத்தில் பொதுவாகத் தவிர்க்க வேண்டியது.

8. ரவுண்ட்ஸ் நேரத்தில்

பெரிய டாக்டர் பெட் பக்கத்தில் நிற்பது இரண்டு நிமிடம். அவர் வரும்போது டீ வாங்கப் போயிருந்தால் அந்த நாள் போயிற்று. எத்தனை மணிக்கு வருவார் என்று சிஸ்டரிடம் கேட்டு, அந்த ஒரு மணி நேரம் அசையாமல் இருங்கள். மூன்று கேள்விக்கு மேல் வேண்டாம், எழுதி வைத்து முக்கியமானதை முதலில் கேளுங்கள். குடும்பத்தில் ஒருவர் மட்டும் பேசுங்கள். நான்கு பேர் நான்கு விதமாகக் கேட்டால், நான்கு பேரும் நான்கு விதமாகப் புரிந்துகொண்டு ராத்திரி வீட்டில் சண்டை வரும்.

9. ராத்திரி

மூச்சு முட்டி ஒரு முறை பயந்தவர்களுக்கு விளக்கை அணைத்ததும் அந்தப் பயம் திரும்ப வரும். 'ஒண்ணுமில்ல தூங்கு' என்று சொன்னால் அவர்கள் பேச்சை நிறுத்திவிடுவார்கள், பயம் நிற்காது. அம்மாவிடம் நான் ஆக்சிஜன் அளவைக் காட்டி, 'நேத்து 91, இன்னைக்கு 95, நான் இங்கேயே உட்கார்ந்திருக்கேன்' என்று சொன்ன பிறகுதான் கண்ணை மூடினார். நிலைமையை மறைக்காமல் சின்னச் சின்னதாகச் சொல்லுங்கள். கதவுக்கு வெளியே நின்று கிசுகிசுத்தால் உள்ளே இருப்பவர் அதைவிட மோசமாகக் கற்பனை செய்துகொள்வார்.

உடனே கூப்பிட வேண்டியவை: மூச்சுத் திணறல் கூடுவது, நெஞ்சு வலி, படபடப்பு, வியர்த்து மயக்கம், திடீர்த் தலைவலி, வாய் கோணுதல், பேச்சுக் குழறல், ரத்த வாந்தி, தார் மாதிரி கறுப்பு மலம், சிவந்த சிறுநீர். அயர்ந்து தூங்குகிற சிஸ்டரை எழுப்பலாமா என்று யோசிக்காதீர்கள்.

இரண்டு ராத்திரிக்கு ஒரு முறையாவது ஆளை மாற்றிக்கொள்ளுங்கள். மூன்றாவது ராத்திரி நான் உட்கார்ந்தபடியே தூங்கிவிட்டேன், பம்ப் சத்தம் பக்கத்து பெட் அக்காவுக்குத்தான் கேட்டது.

10. டிஸ்சார்ஜ் நாள்: அதிகத் தப்பு நடப்பது இங்கேதான்

வீட்டுக்குப் போகிற சந்தோஷத்தில் யாரும் சீட்டைப் படிப்பதில்லை. நீங்கள் படியுங்கள். படித்துப் புரியும் வரை பெட்டைக் காலி செய்யாதீர்கள்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகளில் ரிவராக்ஸபான் எழுதியிருந்தால் வழக்கமாக முதல் 21 நாள் 15 மி.கி. தினம் இரண்டு வேளை, பிறகு 20 மி.கி. ஒரே வேளை. அபிக்ஸபான் என்றால் முதல் 7 நாள் 10 மி.கி. இரண்டு வேளை, பிறகு 5 மி.கி. இரண்டு வேளை. பெட்டி அதே பெட்டி மாதிரி இருக்கும், எண் மட்டும் மாறும். ஓ.பி. வரிசையில் ஒருவரைச் சந்தித்தேன், 22-ஆம் நாளிலிருந்து என்ன என்று யாரும் சொல்லவில்லை என்று மாத்திரையையே நிறுத்தியிருந்தார். மாறும் தேதியை டாக்டர் வாயாலேயே சொல்லவைத்து எழுதுங்கள். ஆஸ்பத்திரியில் கொடுத்த நாட்களும் அந்தக் கணக்கில் சேருமா என்று கேளுங்கள்.

ரிவராக்ஸபான் 15, 20 இரண்டையும் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும், வெறும் வயிற்றில் சரியாக உறிஞ்சப்படாது. அமாவாசை, சஷ்டி என்று விரதம் இருக்கிறவர்கள் இதை முன்பே டாக்டரிடம் பேசிக்கொள்ளுங்கள். டாபிகாட்ரான் என்ற இன்னொரு மருந்தின் கேப்சூலை முன்கூட்டியே பிரித்து வாரப் பெட்டியில் போட்டு வைக்கக் கூடாது, ஈரக் காற்று பட்டால் வீரியம் குறையும்.

அசிட்ரோம் அல்லது வார்ஃபரின் மாத்திரை என்றால் கதை வேறு. அது முழுதாக வேலை செய்யச் சில நாள் ஆகும். அதனால் குறைந்தது ஐந்து நாளாவது ஊசியும் மாத்திரையும் சேர்ந்தே போகும், ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் பரிசோதனை எண்) 2-ஐத் தொட்டு நிலைத்த பிறகுதான் ஊசியை நிறுத்துவார்கள். ஊசி செலவு என்று நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். பெரும்பாலானவர்களுக்கு ஐ.என்.ஆர். 2-க்கும் 3-க்கும் நடுவில் இருக்க வேண்டும். அடுத்த ரத்தப் பரிசோதனை எந்தத் தேதி, ரிசல்ட்டை யாரிடம் காட்டுவது என்று கேட்காமல் வந்தால் முதல் வாரமே திண்டாடுவீர்கள்.

கிளம்பும் முன் ஒரு மாத மாத்திரையை அங்கேயே வாங்குங்கள். சின்ன ஊர் மெடிக்கலில் இவை எப்போதும் இருக்காது, 'நாளைக்கு வரும்' என்பார்கள். இந்த மருந்தில் ஒரு நாள் விட்டுப்போவதும் ஆபத்துதான். வேளை தவறினால் என்ன செய்வது என்பதையும் கேட்டு எழுதுங்கள், மருந்துக்கு மருந்து விதி வேறு.

11. வீட்டில்

மாத்திரை கொடுத்ததும் மாதக் காலண்டரில் டிக் போடுங்கள். தினசரி காலண்டரில் எழுதாதீர்கள், தாளைக் கிழித்ததும் கணக்கு போய்விடும். அசிட்ரோமை ஒரு நாள் 2 மி.கி., ஒரு நாள் 3 மி.கி. என்று மாற்றி எழுதியிருந்தால் மாதம் முழுவதற்கும் முன்பே எழுதி வைத்துவிடுங்கள்.

கீரை பற்றி எல்லோரும் கேட்பார்கள். அசிட்ரோம், வார்ஃபரின் சாப்பிடுகிறவர்களுக்குத்தான் அந்தக் கவனம், மற்ற மாத்திரைகளுக்கு இல்லை. அவர்களும் கீரையை ஒதுக்க வேண்டாம். ஒரு வாரம் தினமும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் துளியும் இல்லை என்று இல்லாமல், வாரத்துக்கு வாரம் ஒரே அளவாக இருந்தால் போதும்.

மென்மையான பிரஷ், ஷேவிங்குக்கு மின்சார ரேஸர், ஈரமான பாத்ரூமில் வழுக்காத மேட். கீழே விழுந்து தலையில் அடிபட்டால் காயம் தெரியாவிட்டாலும் ஆஸ்பத்திரிக்குப் போங்கள், உள்ளே கசிவு பிறகு தெரிய வரலாம். பெண்களுக்கு மாதவிடாய் அதிகமாகலாம், பொறுத்துக்கொண்டு கிடக்காமல் டாக்டரிடம் சொல்லச் சொல்லுங்கள். பல் பிடுங்கப் போனாலும், காய்ச்சலுக்கு ஊசி போடப் போனாலும், முதல் வார்த்தை 'ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை சாப்பிடுகிறார்' என்பதாக இருக்கட்டும். மருந்தின் பெயரும் அளவும் எழுதிய சின்னத் தாள் ஒன்று அவருடைய பர்ஸிலேயே இருக்கட்டும்.

கால் வீக்கம் வாரக்கணக்கில் நீடிக்கலாம், சாயங்காலம் கூடும். திடீரென்று முன்பைவிடப் பெரிதானாலோ இன்னொரு காலும் வீங்கினாலோ மட்டும் காத்திருக்காதீர்கள்.

12. மூன்றாம் மாதம்

வலி போய், வீக்கம் போய், நன்றாக நடக்கிறார் என்றதும் 'மாத்திரை போதும்' என்ற பேச்சு வீட்டில் எழும். குறைந்தது மூன்று மாதம் என்பது வழக்கம். ஆபரேஷன் மாதிரி ஒரு தெளிவான காரணத்தால் வந்திருந்தால் அதோடு நிறுத்தலாம், காரணமே தெரியாமல் வந்திருந்தால் அதற்கு மேலும் தொடரச் சொல்லலாம். முடிவு டாக்டருடையது.

கடைசி ஸ்ட்ரிப் தீர இரண்டு வாரம் இருக்கும்போதே அப்பாயின்ட்மென்ட் வாங்குங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி, ஸ்கேன்கள், அந்த நோட்டு, டிக் போட்ட காலண்டர் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். நிறுத்தலாமா, தொடர வேண்டுமா, தொடர்ந்தால் எந்த அளவு, மறுபடி ஒரு ஆபரேஷனோ நீண்ட பயணமோ வந்தால் என்ன செய்வது என்று கேளுங்கள். அப்பாயின்ட்மென்ட் தள்ளிப்போனால் அதுவரைக்குமான மாத்திரையை முன்பே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.